மெயில்டிர்: சர்வருக்குள் மெயில் ஃபோல்டர்கள் எப்படி இருக்கின்றன, எப்படிக் கையாள்வது

"அண்ணா, நேத்துதான் ஜி.எஸ்.டி-ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு இருநூறு மெயில உள்ள நகர்த்தினேன். இன்னிக்குப் போன்ல திறந்தா ஃபோல்டரே இல்ல."

நான் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து வந்த போன் இது. இருநூறு மெயிலும் பத்திரமாகத்தான் இருந்தன. காரணம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சர்வரில் அந்த மெயில்பெட்டி எந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகியிருந்ததுதான் காரணம். மெயில் சர்வரைக் கண்டு பயப்படுகிறவர்கள் பலர் அதன் உள்ளே ஒருமுறையும் எட்டிப் பார்க்காதவர்கள். எட்டிப் பார்த்தால் அங்கே இருப்பது சாதாரண டைரக்டரிகளும் சாதாரண ஃபைல்களும்தான்.

இந்த வழிகாட்டி லினக்ஸில் ஓடும் டவ்காட் என்ற மெயில் சர்வருக்கும், அதில் மெயில்டிர் என்ற சேமிப்பு முறைக்கும் உரியது. சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களில் நான் அதிகம் பார்த்தது இந்த ஜோடியைத்தான். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு: பயனர் திரையில் பார்ப்பதை 'ஃபோல்டர்' என்றும், சர்வரின் டிஸ்கில் இருப்பதை 'டைரக்டரி' என்றும் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

மெயில்டிர் ஏன் வந்தது

பழைய முறையின் பெயர் எம்பாக்ஸ். ஒரு ஃபோல்டரின் எல்லா மெயில்களும் ஒரே நீளமான ஃபைலில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். 'ஃப்ரம்' என்ற சொல்லும் ஒரு இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அங்கே புது மெயில் தொடங்குகிறது என்று பொருள். யாராவது கடிதத்தின் உள்ளேயே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? சர்வர் அதற்கு முன்னால் ஒரு அம்புக்குறியைச் செருகும். பழைய மெயில்களில் காரணமில்லாமல் நடுவில் நிற்கும் அம்புக்குறியை நீங்கள் பார்த்திருக்கலாம். அது இந்தக் கதைதான். எம்பாக்ஸின் பெரிய தொல்லை பூட்டு. புது மெயிலைச் சேர்ப்பவரும் பழையதை அழிப்பவரும் ஒரே ஃபைலில் கை வைப்பதால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மொத்த ஃபைலும் கெட்டுப்போகலாம்.

1990-களின் நடுவில் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் தன் கியூமெயில் சர்வருக்காக மெயில்டிர் முறையை உருவாக்கினார். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். பூட்டே தேவையில்லை. அவர் முதலில் வகுத்தது ஒரே ஒரு பெட்டிக்கான அமைப்புதான். அதற்குள் துணை ஃபோல்டர்களை எப்படி அடுக்குவது என்ற வழக்கம் பின்னால் கூரியர் சர்வரின் சாம் வர்ஷாவ்சிக் வகுத்தது. அதற்கு மெயில்டிர் பிளஸ் பிளஸ் என்று பெயர். 2002-இல் டிமோ சிராய்னென் வெளியிட்ட டவ்காட் இந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டது.

படி 1: பெட்டி எங்கே இருக்கிறது?

ஊகிக்க வேண்டாம், சர்வரையே கேளுங்கள். டவ்காட்டை நிர்வகிக்கும் கட்டளை டவ்அட்மின். 'டவ்அட்மின் யூசர்' என்று அடித்து, பின்னால் பயனரின் முழு முகவரியைக் கொடுங்கள். அந்தப் பயனருக்கான யுஐடி (லினக்ஸ் பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), ஹோம், மெயில் என்ற நான்கு விவரங்களும் வரும். 'மெயில்' என்ற வரியில் மெயில்டிர் என்ற சொல்லும், ஒரு முக்காற்புள்ளியும், அதன்பின் பாதையும் இருக்கும். மெய்நிகர் பயனர்கள் (லினக்ஸில் தனிக் கணக்கு இல்லாமல் மெயில்பெட்டி மட்டும் உள்ளவர்கள்) இருக்கும் சர்வரில் இது பெரும்பாலும் /வார்/விமெயில்/ என்பதன் கீழே டொமைன் பெயர், அதற்குள் பயனர் பெயர் என்று போகும்.

பொது அமைப்பைப் பார்க்க 'டவ்கான்ஃப் -என்' போதும். டவ்காட் 2.3 வரை 'மெயில்_லொகேஷன்' என்ற ஒரே வரியில் எல்லாம் இருக்கும். 2.4-இல் அதை 'மெயில்_டிரைவர்', 'மெயில்_பாத்' என்று பிரித்துவிட்டார்கள். பழைய கட்டுரையைப் பார்த்து புது சர்வரில் பழைய வரியை எழுதினால் சர்வர் எழுந்திருக்காது. அதனால் பதிப்பு எண்ணை முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 2: மூன்று டைரக்டரிகள்

அந்தப் பாதைக்குள் போய், மறைந்தவற்றையும் சேர்த்துக் காட்டும் 'எல்எஸ் -எல்ஏ' அடியுங்கள். டெம்ப், நியூ, கர் என்ற மூன்று டைரக்டரிகள் கட்டாயம் இருக்கும். இவை மூன்றும் சேர்ந்ததுதான் இன்பாக்ஸ். 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் டைரக்டரியைத் தேடி ஏமாறாதீர்கள், அப்படி ஒன்று இருக்காது. வீட்டின் கூடமே இன்பாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஃபோல்டர்கள் அதிலிருந்து பிரியும் அறைகள்.

புது மெயில் வரும்போது நடப்பது இது. சர்வர் அதை முதலில் டெம்ப்-க்குள் எழுதும். முழுவதும் எழுதி, டிஸ்கில் பதிந்தது உறுதியான பிறகு, அந்த ஃபைலை நியூ-வுக்கு மாற்றும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் இடம் மாற்றுவது ஒரே மூச்சில் நடந்து முடியும் செயல். பாதி மாறியது என்று ஒரு நிலையே கிடையாது. அதனால்தான் பூட்டு தேவைப்படவில்லை. மெயில் நியூ-வில் இருந்தால் அது முழு மெயில். எழுதும்போது சர்வர் விழுந்துவிட்டால் குறை ஃபைல் டெம்ப்-லேயே கிடக்கும், யார் கண்ணிலும் படாது. 36 மணி நேரத்துக்கு மேல் டெம்ப்-இல் கிடப்பதைக் குப்பையாகக் கொள்ளலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள விதி.

பயனரின் மெயில் நிரல் அந்த ஃபோல்டரைத் திறந்ததும், நியூ-வில் இருப்பவை கர்-க்குப் போய்விடும். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: நியூ என்றால் படிக்காதது, கர் என்றால் படித்தது என்று. அப்படி இல்லை. ஃபோல்டரைத் திறந்து பட்டியலைப் பார்த்தாலே மெயில் கர்-க்கு வந்துவிடும், ஒன்றைக்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. படித்தாரா இல்லையா என்பது வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது: ஃபைலின் பெயரிலேயே.

படி 3: ஃபைல் பெயரைப் படிப்பது

கர்-க்குள் போனால் இந்த மாதிரிப் பெயர்கள் இருக்கும்:

1718254321.எம்482913பி20417.மெயில்1,எஸ்=4312,டபிள்யூ=4409:2,ஆர்எஸ்

பார்க்க மிரட்டினாலும் இதில் வீணான ஒரு எழுத்துகூட இல்லை. முதல் எண் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகள். இந்த எண்ணை மாற்றிப் பார்த்தால் 2024 ஜூன் 13, இந்திய நேரம் காலை 10:22:01. அந்த வினாடியில் மெயில் சர்வருக்கு வந்திருக்கிறது. எம் என்பதன் பின் வருவது மைக்ரோ வினாடி, பி என்பதன் பின் வருவது அதை எழுதிய புராசஸின் எண், அப்புறம் சர்வரின் பெயர். இவை எல்லாம் சேர்வதால் இரண்டு மெயிலுக்கு ஒரே பெயர் வராது.

எஸ்=4312 என்பது ஃபைலின் அளவு, பைட்டில். டபிள்யூ=4409 என்பது அதே மெயில் நெட்வொர்க்கில் போகும்போது உள்ள அளவு. லினக்ஸில் ஒரு வரியின் முடிவுக்கு ஒரு குறி, மெயில் நெறிமுறையில் இரண்டு குறி. ஆகவே வித்தியாசம் 97 என்றால் அந்த மெயிலில் 97 வரிகள். ஃபைலைத் திறக்காமலே அளவு தெரிய வேண்டும் என்பதற்காக டவ்காட் இவற்றைப் பெயரில் சேர்க்கிறது. ஃபைலைத் திறந்து ஒரு எழுத்தைத் திருத்தினால்கூட இந்த எண் பொய்யாகிவிடும், டவ்காட் பதிவில் பிழை எழுதத் தொடங்கும். மெயிலின் உள்ளே கைவைக்காதீர்கள்.

முக்காற்புள்ளிக்கும் '2,' என்பதற்கும் பிறகு வரும் எழுத்துகள்தான் மெயிலின் நிலை. எஸ் இருந்தால் படித்தாயிற்று. ஆர் இருந்தால் பதில் போட்டாயிற்று. எஃப் என்றால் நட்சத்திரம் போட்டது, டி என்ற எழுத்தில் தொடங்கும் 'டிராஃப்ட்' என்றால் எழுதி முடிக்காதது, பி என்றால் வேறொருவருக்கு அனுப்பிவைத்தது, 'டிராஷ்' என்பதன் முதலெழுத்து இருந்தால் அழிப்பதற்குக் குறித்தது. எழுத்துகள் அகர வரிசையில்தான் நிற்க வேண்டும். பின்னால் ஒன்றும் இல்லையென்றால் அந்த மெயிலை யாரும் இன்னும் படிக்கவில்லை.

அழிக்கக் குறித்த மெயில் உடனே போய்விடாது என்பதைக் கவனியுங்கள். மெயில் நிரல் 'எக்ஸ்பஞ்ச்' என்ற கட்டளையைச் சொல்லும்வரை ஃபைல் அங்கேயே இருக்கும். சில நிரல்கள் அதை நிரலை மூடும்போதுதான் சொல்லும், சில சொல்வதே இல்லை. 'எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இடம் குறையவே இல்ல' என்று ஒருவர் சொன்னால், கர்-க்குள் அந்தக் குறி உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

படி 4: புள்ளியைப் புரிந்துகொள்வது

இப்போது ஜி.எஸ்.டி-க்கு வருவோம்.

மெயில்டிர் பிளஸ் பிளஸ் முறையில் எல்லா ஃபோல்டர்களும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். ஒவ்வொன்றும் புள்ளியில் தொடங்கும் ஒரு டைரக்டரி. புள்ளியில் தொடங்குவதால்தான் சாதாரண 'எல்எஸ்' அவற்றைக் காட்டாது. 'சென்ட்' ஃபோல்டர் என்றால் .சென்ட் என்ற டைரக்டரி. அதற்குள் '2023' என்ற துணை ஃபோல்டர் என்றால், சென்ட்-க்குள் டைரக்டரி உண்டாகாது, அதற்குப் பக்கத்திலேயே .சென்ட்.2023 என்று இன்னொன்று உண்டாகும். திரையில் கிளை கிளையாகத் தெரிவது டிஸ்கில் ஒரே வரிசை. கிளை பிரிவதைச் சொல்வது பெயரின் நடுவே உள்ள புள்ளி ஒன்றுதான். ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் அதே டெம்ப், நியூ, கர். கூடவே 'மெயில்டிர்ஃபோல்டர்' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல். 'இது துணை ஃபோல்டர்' என்பதற்கான அடையாளம் அது.

அந்தச் சகோதரி 'ஜி.எஸ்.டி' என்று எழுதியதும் சர்வர் அதை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஜி' என்ற ஃபோல்டர், அதற்குள் 'எஸ்', அதற்குள் 'டி' என்று படித்தது. டிஸ்கில் உண்டானது கடைசி டைரக்டரி ஒன்று மட்டும். 'ஜி' என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் போனில் 'ஜி' என்று சாம்பல் நிறத்தில், திறக்க முடியாத ஒரு பெயர் மட்டும் தெரிந்தது. அதைத் தட்டி விரித்து, மறுபடி விரித்தால்தான் மெயில்கள் இருக்கும் இடம் வரும். யார் அதைத் தேடுவார்கள்?

நம் ஊரில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து போட்டுப் புள்ளி வைப்பது வழக்கம். 'ஆர்.கே ஸ்டோர்', 'எஸ்.எம் டிரேடர்ஸ்' என்று வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர் போடும் அலுவலகங்களில் இது தினமும் நடக்கக்கூடிய சிக்கல். சரிசெய்ய ஒரே வரி: 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் ரீநேம்', அதனுடன் '-எஸ்', '-யு' போட்டுப் பயனரின் முகவரி, பழைய பெயர், புள்ளியில்லாத புதுப்பெயர். '-எஸ்' என்பது சந்தாப் பட்டியலிலும் (மெயில் நிரல் காட்ட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) பெயரை மாற்றச் சொல்கிறது. அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

டைரக்டரியை 'எம்வி' போட்டு நேரடியாகப் பெயர் மாற்றலாமே என்று தோன்றும். கிளைகள் உள்ள ஃபோல்டரில் அதைச் செய்தால் தாய் மட்டும் பெயர் மாறும், பிள்ளைகள் பழைய பெயரிலேயே நிற்கும். .வாடிக்கையாளர் என்பதை மாற்றினால் .வாடிக்கையாளர்.மதுரை அப்படியே இருக்கும். பயனர் திரையில் ஒரே குடும்பம் இரண்டு வீடாகத் தெரியும். டவ்அட்மின் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும்.

கிளை பிரிக்கும் குறியாகப் புள்ளிக்குப் பதில் சாய்கோட்டை வைத்த சர்வர்களில், புள்ளியுள்ள பெயரை ஏற்கவே மாட்டேன் என்று சர்வர் மறுத்துவிடும். அது பரவாயில்லை என்பேன். குறைந்தபட்சம் பயனருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. 2.3-இல் 'லிஸ்ட்எஸ்கேப்' என்ற சேர்க்கை நிரலைப் போட்டால் புள்ளியையும் அனுமதிக்கலாம். இன்னொரு வழி 'லேஅவுட்=எஃப்எஸ்' என்ற அமைப்பு: கிளை ஃபோல்டர்கள் நிஜமாகவே டைரக்டரிக்குள் டைரக்டரியாக இருக்கும், புள்ளிக்குத் தனி அர்த்தம் இருக்காது. புதிதாக சர்வர் போடுகிறவர்கள் முதல் நாளே இதைத் தீர்மானித்துவிடுங்கள். மெயில் குவிந்த பிறகு மாற்றுவது பெரிய வேலை.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள்

'எல்எஸ்' பட்டியலில் ஆம்பர்சண்ட் குறியில் தொடங்கி, புரியாத எழுத்துகளாக ஓடி, சிறு கோட்டில் முடியும் பெயர்களைப் பார்த்து வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. அவை தமிழ்ப் பெயர்கள். மெயிலைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, ஆங்கிலமல்லாத ஃபோல்டர் பெயர்களை 'திருத்திய யுடிஎஃப்-7' என்ற சங்கேதத்தில் மாற்றித்தான் அனுப்ப வேண்டும். டவ்காட் டிஸ்கிலும் அப்படியே எழுதிவைக்கிறது. 2021-இல் வந்த புதுப் பதிப்பு நேரடியாக யுனிகோடையே ஏற்கிறது, ஆனாலும் பழைய முறை சர்வர்களில் இன்னும் நிலைத்திருக்கிறது.

தமிழ்ப் பெயரை அடையாளம் காண ஒரு சுலப வழி இருக்கிறது. யுனிகோடில் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் ஒன்றே. அதனால் தமிழில் தொடங்கும் எந்த ஃபோல்டரும் ஆம்பர்சண்ட், அடுத்து பெரிய சி என்றுதான் தொடங்கும். 'கணக்கு' என்று பெயர் வைத்தால் ஆம்பர்சண்ட், சி, 5, யு, எல் என்று தொடங்கி மொத்தம் 18 எழுத்தாக நிற்கும். பெயரைத் தமிழிலேயே பார்க்க 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் லிஸ்ட் -யு' போட்டு முகவரியைக் கொடுங்கள். அது மாற்றிக் காட்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் ஆம்பர்சண்ட் குறிக்குத் தனி வேலை இருக்கிறது: அதற்கு முன்னால் உள்ள கட்டளையைப் பின்னணியில் ஓட்டு என்று பொருள். .கணக்கு டைரக்டரியின் உரிமையாளரை மாற்ற 'சோன் -ஆர்' அடித்து, பெயரை மேற்கோள் இல்லாமல் ஒட்டினால் ஷெல் ஆம்பர்சண்ட் இருக்கும் இடத்தில் வெட்டிவிடும். முன்பகுதியில் மிஞ்சுவது ஒற்றைப் புள்ளி. ஒற்றைப் புள்ளி என்றால் நீங்கள் நிற்கும் டைரக்டரி முழுவதும்! தமிழ் ஃபோல்டர் பெயரை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

படி 5: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'டவ்காட்' என்று தொடங்கும் ஃபைல்கள் சில இருக்கும். இடம் போதவில்லை என்று இவற்றை மொத்தமாக அழிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே ரகம் இல்லை.

'டவ்காட்.இண்டெக்ஸ்' என்று தொடங்கும் ஃபைல்கள் வேகத்துக்காக வைத்திருப்பவை. கெட்டுப்போனால் டவ்காட்டே மெயில்களைப் படித்துத் திரும்பக் கட்டிக்கொள்ளும். பெரிய பெட்டியில் கொஞ்ச நேரம் திணறும், அவ்வளவுதான்.

'டவ்காட்-யுஐடிலிஸ்ட்' அப்படி இல்லை. இதுதான் ஃபோல்டரின் பேரேடு. ஐமேப் நெறிமுறையில் ஒவ்வொரு மெயிலுக்கும் மாறாத ஒரு எண் உண்டு. எந்த எண் எந்த ஃபைலுக்கு என்பது இந்தப் பேரேட்டில் இருக்கிறது. திறந்து பார்த்தால் சாதாரண எழுத்துதான். முதல் வரியில் வி என்பதை அடுத்து ஒரு பெரிய எண், என் என்பதை அடுத்து அடுத்த மெயிலுக்குத் தரவேண்டிய எண். அதன்கீழே மெயிலுக்கு ஒரு வரி. அந்த வி எண் மாறினால், 'இது பழைய ஃபோல்டர் இல்லை' என்று மெயில் நிரல்கள் முடிவுகட்டி, தாங்கள் சேமித்து வைத்ததை எறிந்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். பேரேட்டை அழித்தால் நடப்பது அதுதான். மெயில் போகாது, ஆனால் அலுவலகத்தில் 30 பேர் ஒரே நேரத்தில் பல ஜிபி மெயிலை மறுபடி இறக்கினால் அன்றைக்கு இணையம் படுத்துவிடும்.

'டவ்காட்-கீவேர்ட்ஸ்' சின்ன ஃபைல். தண்டர்பேர்டில் வண்ண வண்ணமாகக் குறி போடுகிறவர்களுக்கு முக்கியம். அந்தக் குறிகள் மெயில் ஃபைலின் பெயரில் சிறிய ஆங்கில எழுத்தாக ஏறும்; எந்த எழுத்து எந்தக் குறி என்பதை இந்த ஃபைல் சொல்கிறது. இது போனால் குறிகள் அர்த்தம் இழக்கும்.

'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'தான் முன்னால் சொன்ன சந்தாப் பட்டியல். மேல் டைரக்டரியில் இருக்கும். வரிக்கு ஒரு ஃபோல்டர் பெயர். இதில் பெயர் இல்லையென்றால் பல மெயில் நிரல்கள் அந்த ஃபோல்டரைக் காட்டாது, அது டிஸ்கில் முழுசாக இருந்தாலும்.

டவ்காட்டிலேயே எம்டிபாக்ஸ் என்று இன்னொரு சேமிப்பு முறை உண்டு. பல மெயில்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கும். அங்கே இந்தப் படி முழுவதும் தலைகீழ். படித்தது, படிக்காதது போன்ற நிலைகள் இண்டெக்ஸில் மட்டுமே இருக்கின்றன. எம்டிபாக்ஸ் சர்வரில் இண்டெக்ஸை அழிக்கவே அழிக்காதீர்கள். படி 1-இல் எந்த முறை என்று பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

படி 6: 'ஃபோல்டரைக் காணோம்' என்றால்

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் லிஸ்ட்'. பெயர் அதில் இருந்தால் மெயில் பத்திரம், பயனரிடம் அதை உடனே சொல்லிவிடுங்கள், அவர் பதற்றம் அடங்கட்டும். அதே கட்டளையில் '-எஸ்' சேர்த்தால் சந்தா உள்ளவை மட்டும் வரும். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் சப்ஸ்கிரைப்' போட்டால் தீர்ந்தது.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் எதிர்பாராத இடத்தில் இருக்கிறதா? தெரியாமல் மவுஸால் இழுத்து வேறொரு ஃபோல்டருக்குள் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பக்கத்து ஃபோல்டருக்குள்தான் கிடக்கும், அல்லது 'டிராஷ்'-க்குள். டிராஷ் என்றால் அவசரம்: 'ஆட்டோஎக்ஸ்பஞ்ச்' அமைத்த சர்வரில் 30 நாளோ எத்தனை நாளோ கழித்து அதில் உள்ளவை தானாகவே போய்விடும். அந்த அமைப்பைத் துணை ஃபோல்டர்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று உடனே பாருங்கள். டிராஷையே பழைய மெயில் அலமாரியாக வைத்திருக்கும் பயனர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்த அமைப்பைப் போட வேண்டாம்.

'அனுப்பின மெயில் போன்ல தெரியுது, கம்ப்யூட்டர்ல தெரியல' என்பது வேறு நோய். ஒரு நிரல் 'சென்ட்' என்றும், இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்றும், மூன்றாவது 'சென்ட் மெசேஜஸ்' என்றும் தனித்தனி ஃபோல்டர் உண்டாக்கிக்கொள்ளும். 2011-இல் இதற்கு ஒரு தரநிலை வந்தது: எந்த ஃபோல்டர் அனுப்பியவற்றுக்கு, எது குப்பைக்கு என்று சர்வரே அடையாளம் காட்டும். டவ்காட்டில் 'ஸ்பெஷல்_யூஸ்' என்ற அமைப்பு அது. அதைப் போட்டு, மற்ற இரண்டில் இருப்பதை ஒன்றுக்கு நகர்த்தி, காலியானவற்றை நீக்குங்கள்.

பட்டியலிலும் இல்லை, டிஸ்கிலும் இல்லை என்றால் பேக்கப்புக்குப் போக வேண்டியதுதான்.

இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லை

மெயிலுக்கு ஒரு ஃபைல் என்பதால் மெயில்டிர் சர்வரில் ஃபைல்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும். ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் உருவாகும்போதே எத்தனை ஃபைல் வைக்கலாம் என்று தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் என்ற ஒரு பதிவு வேண்டும்; வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோட். 20 ஜிபி பகுதி என்றால் ஏறக்குறைய 13 லட்சம் ஃபைல். சின்னச் சின்ன அறிவிப்பு மெயில்கள் குவியும் பெட்டிகளில், டிஸ்கில் பாதி இடம் மீதமிருக்கும்போதே ஐநோட் தீர்ந்து, இடமில்லை என்று சர்வர் மெயிலை ஏற்க மறுக்கும். 'டிஎஃப் -எச்' பார்த்துக் குழம்பாமல் 'டிஎஃப் -ஐ' பாருங்கள்.

படி 7: பேக்கப்பும் மீட்பும்

'ஆர்சிங்க்' வைத்து நகல் எடுப்பது எளிது. ஆனால் மெயிலைப் படித்தவுடன் ஃபைலின் பெயர் மாறுகிறது என்பதை மறக்காதீர்கள். நேற்று எடுத்த நகலில் படிக்காத பெயர், இன்று எடுத்ததில் படித்த பெயர். நீக்கியவற்றை நகலிலும் நீக்கு என்ற 'டிலீட்' தேர்வு இல்லாமல் எடுத்தால் ஒரே மெயில் இரண்டு பெயரில் சேர்ந்துவிடும், மீட்கும்போது எல்லாம் இரட்டையாக வரும். அந்தத் தேர்வைப் போட்டாலோ, பயனர் தவறுதலாக அழித்தது நகலிலும் அழியும். அதனால் தேதி வாரியாகத் தனித்தனி நகல் வையுங்கள், அல்லது இந்த விவரம் எல்லாம் தெரிந்த 'டவ்அட்மின் பேக்கப்' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஒருமுறை அவசரத்துக்கு ஒரு பெட்டியைப் பென்டிரைவில் நகலெடுக்கப் போனேன். நியூ-வில் இருந்த சில மெயில்கள் ஏறின, கர்-இல் இருந்தது ஒன்றுகூட ஏறவில்லை. பெயரில் உள்ள முக்காற்புள்ளிதான் காரணம். பென்டிரைவின் ஃபேட் ஃபைல் சிஸ்டம் அதை ஏற்காது. அன்றிலிருந்து வெளியே எடுத்துப்போகும் எதையும் முதலில் 'டார்' போட்டு ஒரே ஃபைலாக்கிவிடுகிறேன். விண்டோஸ் கணினிக்கு நகலெடுப்பவர்களுக்கும் இதேதான்.

மீட்கும்போது பழைய ஃபோல்டரின் மேலேயே கொட்டாதீர்கள். 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் கிரியேட்' கட்டளையில் '-எஸ்' சேர்த்து 'மீட்பு' என்று புது ஃபோல்டர் உண்டாக்குங்கள். பேக்கப்பில் உள்ள கர், நியூ இரண்டிலிருந்தும் மெயில் ஃபைல்களை மட்டும் புது ஃபோல்டரின் கர்-க்குள் நகலெடுங்கள். நியூ-வில் இருந்தவற்றுக்குப் பெயர் நுனியில் ':2,' இருக்காது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இண்டெக்ஸையும் பேரேட்டையும் கொண்டுவர வேண்டாம், புது ஃபோல்டருக்குப் புதுப் பேரேடு உண்டாகட்டும்.

'சிபி' கட்டளையில் '-பி' கட்டாயம். மெயில் வந்த தேதியாக டவ்காட் காட்டுவது ஃபைலின் திருத்த நேரத்தைத்தான். '-பி' இல்லாமல் நகலெடுத்தால் மூன்று வருட மெயிலும் இன்று காலை வந்ததாகச் சில நிரல்களில் வரிசையாகும். இதைப் பின்னால் சரிசெய்வது ஆளைச் சோர்வடைய வைக்கும் வேலை.

அடுத்து உரிமை. நீங்கள் ரூட்டாக இருந்து நகலெடுத்திருந்தால் ஃபைல்களின் உரிமையாளர் யார் என்று பார்த்து, விமெயில் போன்ற மெயில் பயனருக்கு 'சோன்' போட்டு மாற்றுங்கள். ஃபோல்டர் பெயர் தமிழில் இருப்பதால் ஒற்றை மேற்கோள் ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாக எண்ணிக்கை. 'டவ்அட்மின் மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையில் 'மெசேஜஸ்' கேட்டால் டவ்காட் கணக்கில் எத்தனை மெயில் என்று வரும். 'ஃபைண்ட்' போட்டு கர்-இல் எத்தனை ஃபைல் என்று நீங்களே எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பயனரைக் கூப்பிட்டு, 'மீட்பு' ஃபோல்டரைத் திறந்து பார்த்து, வேண்டியதை வேண்டிய இடத்துக்கு அவரையே நகர்த்தச் சொல்லுங்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் அந்த ஃபோல்டரை நீக்காமல் வைத்திருங்கள்.